வீட்டை விரிவாக்கவும் மேலே அறை எடுக்கவும் பட்ஜெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டட வேலைகளுக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுப்பது என் தொழில். புது வீடு கட்டுகிறவர்களைவிட, இருக்கிற வீட்டோடு ஓர் அறையைச் சேர்க்க நினைப்பவர்கள்தான் கணக்கில் அதிகம் இடறுகிறார்கள். புது வீட்டில் எல்லாமே புதிது. விரிவாக்கத்தில் பழையதும் புதியதும் சேரும் இடம் என்று ஒன்று இருக்கிறது. பணம் அங்கேதான் கரைகிறது. எஸ்டிமேட்டிலோ அந்த இடத்துக்குப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருப்பதில்லை. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் எண் சொல்லுங்கள், மீதியை நானே பெருக்கிக்கொள்கிறேன்.

அந்த எண் புது வீட்டுக்கு ஓரளவு உதவும். ஓர் அறை சேர்க்கும் வேலைக்கு உதவாது. 150 சதுர அடி அறைக்கும் சாரம் கட்ட வேண்டும், மணல் இறக்க வேண்டும், மின் வேலைக்காரரும் குழாய் வேலைக்காரரும் தனித்தனியாக வந்துபோக வேண்டும். பெரிய வீட்டில் இந்தச் செலவு ஆயிரக்கணக்கான சதுர அடியில் பரவிவிடும். இங்கே அந்தச் சிறிய அறை மட்டுமே அதைச் சுமக்கிறது. அதிலும் ஒரு குளியலறை சேர்ந்துவிட்டால் சதுர அடிக் கணக்கு எகிறிவிடும். வீட்டிலேயே செலவு மிகுந்த இடம் அதுதான்.

இன்னொன்று, எந்தச் சதுர அடி என்று கேளுங்கள். உள்ளளவு 10 அடிக்கு 12 அடி என்றால் 120 சதுர அடி. நான்கு புறமும் 9 அங்குலச் சுவரைச் சேர்த்து வெளியே அளந்தால் பதினொன்றரைக்குப் பதின்மூன்றரை, அதாவது 155 சதுர அடி. ஒருவர் 120-ஐ மனத்தில் வைத்துக் கேட்கிறார், மற்றவர் 155-ஐ மனத்தில் வைத்து விலை சொல்கிறார். கடைசியில் வரும் சண்டைகளில் பல இங்கேதான் முளைக்கின்றன.

பக்கவாட்டில் அறை சேர்ப்பது, மொட்டை மாடியில் அறை எடுப்பது, சாய்கூரைக்குக் கீழே இருக்கும் பரணை அறையாக்குவது. இந்த மூன்றில் எது மலிவு?

பரணுக்கு அஸ்திவாரம் வேண்டாம், சுவரும் கூரையும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே அது மலிவாகத் தோன்றும். மொட்டை மாடிக்கும் மண் வேலை இல்லை. பக்கவாட்டு அறைக்கு அஸ்திவாரத்திலிருந்து எல்லாம் வேண்டும். ஆனால் படிக்கட்டு வேண்டாம், பழைய வீட்டின் மேல் பாரம் ஏறாது, வேலை நடக்கும்போது உங்கள் தலைக்கு மேல் கூரை இருக்கும்.

பொதுவான விடை கிடையாது. மேலே போவதற்குப் பழைய வீடு தாங்குமா, படிக்கட்டுக்கு இடம் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் 'ஆம்' வந்தால் மாடி மலிவாகலாம். இரண்டில் ஒன்று தடுமாறினாலும் பக்கவாட்டு அறை முந்திவிடும். மனையில் இடம் இருக்கிறதா, எல்லையிலிருந்து எவ்வளவு விட்டுக் கட்ட உள்ளூர் விதி சொல்கிறது என்பதைப் பார்த்த பிறகே இந்த ஒப்பீட்டில் இறங்குங்கள்.

வீடு நல்ல உறுதியாகத்தான் இருக்கிறது, ஒரு விரிசல்கூட இல்லை. அப்புறம் எதற்குப் பொறியாளருக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும்?

விரிசல் இல்லை என்றால் இப்போதுள்ள பாரத்தை வீடு தாங்குகிறது என்று பொருள். இனி ஏற்றப்போகும் பாரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 12 அடிக்கு 15 அடி அறை. 5 அங்குலக் கான்கிரீட் கூரை சுமார் 5 டன். சுற்றிலும் பத்தடி உயரத்துக்கு 9 அங்குலச் செங்கல் சுவர் எழுப்பிப் பூசினால், கதவு ஜன்னல் கழித்தும் சுமார் 20 டன். கூரையைவிடச் சுவர்தான் நான்கு மடங்கு கனம் என்று சொன்னால் வீட்டுக்காரர்கள் நம்ப மறுக்கிறார்கள். இதன் மேல் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் இன்னொரு டன்.

இந்தக் கணக்கு பட்ஜெட்டையே மாற்றும். அதே சுவரை 8 அங்குல எடை குறைந்த காற்றடைத்த கான்கிரீட் கற்களால் கட்டினால் 20 டன் ஏழெட்டு டன்னாகக் குறையும். அஸ்திவாரத்தைப் பலப்படுத்தும் செலவு அதனாலேயே தேவைப்படாமல் போகலாம். பொறியாளருக்குக் கொடுப்பது மொத்தச் செலவில் சிறு பங்குதான். அஸ்திவாரத்தின் ஓரத்தில் ஒரு குழி தோண்டி அதன் ஆழத்தையும் அகலத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வரைபடம் இருந்தாலும் குழி தோண்டியே பார்க்க வேண்டும். வரைந்தபடியே கட்டியிருப்பார்கள் என்ற உறுதி இல்லை.

முன்பே யோசித்துத் தூண்களின் கம்பியை மேலே நீட்டி விட்டிருக்கிறோம். அப்படியே தொடர்ந்து கட்டலாம் அல்லவா?

எத்தனை ஆண்டுகளாக நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. வெயிலிலும் மழையிலும் நின்ற கம்பி துருவேறி மெலிந்திருக்கும். துருவைச் சுரண்டிவிட்டு விட்டத்தை அளந்து பார்க்க வேண்டும். 16 மி.மீ. கம்பி 14 மி.மீ. ஆகத் தேய்ந்திருந்தால் அதன் வெட்டுப்பரப்பில் கிட்டத்தட்டக் கால் பங்கு போய்விட்டது என்று கணக்கு. கூரையை ஒட்டிய அடிப்பகுதியில்தான் துரு மோசமாக இருக்கும், அங்கே அளக்கச் சொல்லுங்கள்.

கெட்டுப்போயிருந்தால் பழைய கான்கிரீட்டில் துளையிட்டு, துளையைத் தூசி போக ஊதி, ரசாயனப் பசை செலுத்தி, புதுக் கம்பி நட வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் தனிச் செலவு. தூண் ஒன்றுக்கு ஆறு கம்பி, எட்டுத் தூண் என்றால் 48 துளைகள். எஸ்டிமேட்டில் இது ஒரு வரியாகவாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பரண் காலியாகத்தான் கிடக்கிறது. பலகை அடித்து ஒரு ஜன்னல் வைத்தால் அறை ஆகிவிடாதா?

பெட்டி படுக்கை வைக்கும் இடமாகும், மனிதர் வாழும் அறையாகாது. பரணின் அடியில் ஓடும் மரச்சட்டங்கள் பெரும்பாலும் கீழ் அறையின் உட்கூரையைத் தாங்கத்தான் போடப்பட்டவை. கட்டில், அலமாரி, ஆட்கள் என்று பாரம் வரும்போது அவற்றுக்கு இடையில் கனமான புதுச் சட்டங்களைச் சுவரிலிருந்து சுவருக்குப் போட வேண்டும். கூரை, ஆலையில் செய்து வந்த முக்கோணச் சட்டகங்களால் ஆனது என்றால் இன்னும் கவனம் வேண்டும். குறுக்கே ஓடும் ஒரு கட்டையைக்கூட இடைஞ்சல் என்று அறுத்துவிட முடியாது, ஒன்றையொன்று தாங்கித்தான் அவை நிற்கின்றன. எஃகு உத்திரம் கொடுத்து அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது, தலை இடிக்கும் சிக்கல். கூரையின் நடு உச்சி, தரையிலிருந்து 8 அடி, சரிவு 45 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். தரை 16 அடி அகலம் இருக்கும். அதில் உயரம் 5 அடிக்குக் குறையாத பகுதி வெறும் 6 அடி அகலம்தான். 16 அடிக்கும் தரை போட்டு, 6 அடியில் நடமாடுகிறீர்கள். கூரையின் ஒரு பக்கத்தைத் தூக்கி நேர்ச்சுவரும் ஜன்னலும் வைத்தால் இடம் கிடைக்கும், செலவும் கூடும். அளக்கும்போது புதுச் சட்டமும், கூரைக்கு அடியில் வைக்கும் வெப்பத்தடுப்புப் பலகையும் சேர்ந்து ஏறக்குறைய ஓர் அடியை விழுங்கும் என்பதைக் கழித்துவிட்டு அளங்கள். வெப்பத்தடுப்பு இல்லாத பரண் அறையில் பகலில் உட்கார முடியாது. அதைச் செலவுக் குறைப்புப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

படிக்கட்டுக்கு ஒரு மூலை போதும் என்று நினைத்தோம். பொறியாளர் அரை அறையையே கேட்கிறார், நியாயமா?

நியாயம்தான். கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் 10 அடி என்றால் 120 அங்குலம். ஒரு படி 7 அங்குலம் உயர்ந்தால் 17 ஏற்றங்கள், கால் வைக்க 16 படிகள். படி ஒன்றுக்கு 10 அங்குல ஆழம் கொடுத்தால் நேராகப் போகும் படிக்கட்டு 13 அடிக்கு மேல் நீளும். நடுவில் திரும்பும் படிக்கட்டு என்றாலும் 60 சதுர அடி போய்விடும். கீழே போவது போலவே மேலேயும் போகும். 180 சதுர அடி மாடி எடுக்கிறவருக்கு உண்மையில் கூடுவது எவ்வளவு என்று இப்போது கணக்குப் பாருங்கள்.

நான் செய்யச் சொல்வது இதுதான். சாக்கட்டியால் படிக்கட்டின் முழு அளவையும் கீழ்த்தளத்தின் தரையில் வரையுங்கள். இரண்டு நாள் அந்தக் கோட்டுக்குள் யாரும் கால் வைக்காமல் வீட்டில் நடமாடுங்கள். ஒரு குடும்பம் இப்படி வரைந்து பார்த்தபோது கோடு, சாப்பாட்டு மேசையை ஒட்டிய நாற்காலிகளின் மேல் ஏறிவிட்டது. அவர்கள் மாடியைக் கைவிட்டுப் பின்பக்கம் ஓர் அறை சேர்த்துக்கொண்டார்கள். இரும்பில் வெளிப்புறப் படிக்கட்டு வைத்தால் உள்ளே இடம் மிஞ்சும். மழையில் நனைந்து ஏற வேண்டியிருப்பதையும், வயதானவர்கள் யார் மேலே போவார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்கினேன். ஒருவருடையது மற்றவர்களுடையதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அவரையே பிடிக்கலாமா?

மூவரும் ஒரே வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இல்லை. ஒருவர் ஜன்னலுக்குக் கம்பி சேர்த்திருப்பார், மற்றவர் சேர்த்திருக்க மாட்டார். ஒருவர் இரண்டு கை பெயின்ட், மற்றவர் வெள்ளையடிப்போடு நிறுத்தியிருப்பார். நீங்களே ஒரு பட்டியல் எழுதி, எந்தப் பொருள், என்ன தடிமன், எத்தனை மின் முனைகள், எத்தனை குழாய் முனைகள் என்று மூவருக்கும் ஒரே தாளைக் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் அப்போது வெகுவாகச் சுருங்கும்.

சுருங்காவிட்டால் அவரிடமே உட்கார்ந்து, எதில் குறைக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். நல்ல வேலைக்காரருக்குச் சொல்லத் தெரியும்: சொந்தமாகச் சென்ட்ரிங் சாமான் (கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் பலகையும் முட்டும்) வைத்திருப்பார், பக்கத்திலேயே வேறு வேலை ஓடிக்கொண்டிருக்கும். 'எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்' என்று மட்டும் சொல்கிறவரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டாம்.

எஸ்டிமேட்டில் வழக்கமாக எதெல்லாம் விட்டுப்போகும்?

முன்னுரையில் சொன்ன அந்தச் சேருமிடம்தான் முதலில் விட்டுப்போகும். மொட்டை மாடியின் பழைய தட்டோடுகளையும் சுண்ணாம்புத் தளத்தையும் பெயர்த்து எடுப்பது, இடிபாட்டைக் கீழே இறக்கி வண்டி வைத்து அனுப்புவது, இடித்த கைப்பிடிச் சுவரை மீதிப் பகுதியில் திரும்பக் கட்டுவது, பழைய கூரையும் புதுச் சுவரும் கூடும் மூலையில் நீர்க்கசிவுத் தடுப்பு, மேலே வேலை நடந்ததால் கீழே உதிர்ந்த பூச்சையும் கறைபட்ட பெயின்டையும் சரிசெய்வது எல்லாம் இதில் அடங்கும். தண்ணீர்த் தொட்டியை இறக்கி, வேலை முடியும்வரை தற்காலிக இணைப்புக் கொடுத்து, இன்னும் உயரத்தில் திரும்ப ஏற்றுவதும் ஒரு செலவுதான்.

பக்கவாட்டு அறை என்றால் மண்ணுக்கு அடியில் இருப்பது விட்டுப்போகும். புது அஸ்திவாரம் வரும் கோட்டிலேயே பழைய கழிவுநீர்க் குழாயும், அடைப்பு எடுக்கத் திறக்கும் மூடித்தொட்டியும் இருப்பது மிகச் சாதாரணம். அதை நகர்த்தக் கழிவுநீர் ஓடுவதற்கான வாட்டம் (சரிவு) பார்க்க வேண்டும், சில இடங்களில் முழு வரிசையையும் மாற்ற வேண்டும். பழைய அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டும்போது அதைவிட ஆழமாக ஒரே நீளத்துக்குத் தோண்டிவிடக் கூடாது, துண்டு துண்டாகத் தோண்டி நிரப்ப வேண்டும். நாள் கூடும், கூலியும் கூடும்.

மின்சாரம் இன்னொன்று. புது அறையில் குளிர்சாதனமும் வெந்நீர்க் கருவியும் வரும்போது பழைய பிரதான ஒயரும் பலகையும் தாங்காமல் போகலாம். அனுமதிக் கட்டணம், வரைபடச் செலவு, மண் சோதனை, வேலைக்கான தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றை யார் தருவது என்பதும் வாய்ப்பேச்சில் நிற்கும். எஸ்டிமேட்டின் கடைசியில் 'இதில் சேராதவை' என்று ஒரு தலைப்பு போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்கு அந்தப் பகுதிதான் எஸ்டிமேட்டின் உயிர்.

சிமென்ட், கம்பியை நாமே வாங்கிக் கொடுத்தால் மிச்சமாகுமா?

வேலை நடக்கும் இடத்தில் தினமும் ஒருவர் நிற்க முடியும் என்றால் மிச்சமாகும். முடியாது என்றால் பொருளும் சேர்த்து ஒப்பந்தமாகக் கொடுத்துவிடுவதே மேல். பொருள் வந்து சேராமல் கொத்தனார் உட்கார்ந்திருக்கும் நாளுக்கும் கூலி உண்டு.

கம்பியை நீங்கள் வாங்கினால் எடையைச் சரிபார்க்க ஒரு சுருக்கு வழி: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். இறக்கும்போதே கம்பிகளை எண்ணி, இந்தக் கணக்கை எடைச்சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எதிர்பாராத செலவுக்கு எவ்வளவு ஒதுக்கி வைப்பது?

பக்கவாட்டில் தனித்து நிற்கும் அறைக்குப் பத்து சதவீதம். பழைய வீட்டின் மேல் ஏறும் வேலைக்கும் பரண் வேலைக்கும் பதினைந்திலிருந்து இருபது. வீட்டின் வரைபடமே கிடைக்கவில்லை, யார் கட்டியது என்றும் தெரியவில்லை என்றால் இருபதுக்குக் குறைக்காதீர்கள்.

இந்தப் பணத்தை ஒப்பந்தக்காரரிடம் சொல்ல வேண்டாம், உங்கள் மனத்திலும் அதைச் செலவழிக்க வேண்டாம். நல்ல தளக்கல் பார்த்ததும் இதில் கைவைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டமைப்பு வேலை முடிந்து கூரை மூடும்வரை இது தொடக்கூடாத பணம். கூரை மூடிய பிறகு மிச்சம் இருந்தால் தளக்கல்லுக்குப் போகட்டும்.

முன்பணமாகப் பாதி கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். சாமான் இறக்கவும் ஆட்களைச் சேர்க்கவும் பத்து சதவீதம் அளவில் கொடுங்கள். மீதியை முடிந்த வேலையோடு கட்டுங்கள்: அஸ்திவாரம் முடிந்ததும், சுவர் லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேலே வரும் குறுக்கு விட்டம்) மட்டத்துக்கு வந்ததும், கூரைக் கான்கிரீட் போட்டதும், பூச்சு முடிந்ததும் என்று. மாதக் கணக்கில் தவணை வைக்காதீர்கள். மாதம் ஓடும், சுவர் ஓடாது.

கடைசி ஐந்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழித்துத் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சேருமிடத்தில் நீர் கசிகிறதா என்பதை மழைதான் சொல்லும்.

வேலை நடக்கும்போது ஜன்னலை இரண்டடி நகர்த்தச் சொன்னேன். இதற்கா இவ்வளவு கேட்கிறார்கள்?

சுவர் எழும்புவதற்கு முன் சொல்லியிருந்தால் செலவே இல்லை. லிண்டல் போட்ட பிறகு என்றால் உடைப்பு, திரும்ப லிண்டல், சுவரை அடைப்பது, உடைத்ததை அள்ளுவது எல்லாம் சேரும். மாற்றம் செய்வது தவறில்லை. ஆனால் வாய்ச்சொல்லாகச் செய்யாதீர்கள். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும்: தேதி, என்ன மாற்றம், எவ்வளவு கூடும் அல்லது குறையும், இருவர் கையெழுத்து. குறைந்ததையும் எழுத வேண்டும். அலமாரி வேண்டாம் என்று விட்டதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

பணம் போதவில்லை. எதில் கைவைக்கலாம்?

மேல்பூச்சுகளில் கைவையுங்கள். தளக்கல், அலமாரிக் கதவு, விளக்கு, வெளிப்புறப் பெயின்ட் எல்லாம் பின்னால் வந்தாலும் ஏற்கும். சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் மறைவதில் கைவைக்காதீர்கள்: கம்பி, கான்கிரீட், நீர்க்கசிவுத் தடுப்பு, ஒயர், குழாய். கான்கிரீட்டை நனைத்து வைப்பதற்குத் தண்ணீரையும் ஓர் ஆளையும் மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. கான்கிரீட்டின் முழு பலத்தை 28 நாள் கணக்கில்தான் எடுக்கிறோம். முதல் வாரத்தில் அதைக் காயவிட்டால் பின்னால் எத்தனை குடம் ஊற்றினாலும் அந்தப் பலம் திரும்பாது.

பரப்பைக் குறைப்பதும் ஒரு வழி. 14 அடி அறையை 12 அடியாக்கினால் சுவர், கூரை, தரை, பெயின்ட் எல்லாமே சேர்ந்து குறையும். குளியலறையைக் கீழே இருக்கும் குளியலறைக்கு நேர்மேலே வைத்தால் குழாய் நீளமும் உடைப்பும் குறையும்.

கட்டமைப்பை மட்டும் இப்போது முடித்துவிட்டு, மீதியை இரண்டு ஆண்டு கழித்துச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் நிறுத்தும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். கூரை போட்டு, நீர்க்கசிவுத் தடுப்பு முடித்து, வெளிப்பூச்சும் ஜன்னல்களும் வைத்துவிட்டு நிறுத்தினால் உள்ளே எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் கெடாது. சுவர் எழுப்பிக் கூரை போடாமல் நிறுத்துவது மிக மோசம். நீட்டிய கம்பியைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். ஒயருக்கும் குழாய்க்கும் வேண்டிய காடிகளைச் சுவரில் வெட்டி, பூசுவதற்கு முன்பே பைப்புகளைப் புதைத்துவிடுங்கள், பிறகு பூச்சை உடைக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக நேராக ஒரு கோடு விழுந்திருக்கிறது. ஏமாந்துவிட்டோமா?

பழைய அஸ்திவாரம் பல ஆண்டுகளுக்கு முன்பே மண்ணில் அமர்ந்துவிட்டது. புதியது இப்போதுதான் அமர்கிறது. இரண்டும் ஒன்றாக இறங்காது, ஆகவே சேருமிடத்தில் மயிரிழைக் கோடு வருவது இயல்பு. அதனால்தான் பல பொறியாளர்கள் அங்கே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் அடைத்து, மேலே ஒரு மூடுபட்டை வைத்து மறைக்கச் சொல்கிறார்கள். அது எஸ்டிமேட்டில் இருந்ததா என்று எடுத்துப் பாருங்கள்.

கோட்டின் இரு முனைகளிலும் பென்சிலால் குறியிட்டுத் தேதி எழுதுங்கள். அகலத்தையும் ஓர் இடத்தில் அளந்து எழுதுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். நீளாமலும் அகலாமலும் நின்றுவிட்டால் கீறி, நெகிழும் பசையால் அடைத்துப் பெயின்ட் அடித்தால் முடிந்தது. படிப்படியாகச் சரிந்து செங்கல் இணைப்புகள் வழியே போகிற விரிசலாகவோ, ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு அகலமானதாகவோ இருந்தால் பூசி மறைக்காதீர்கள். பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள், அதுவரை அந்தக் கடைசி ஐந்து சதவீதத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.